பன்னிரண்டு சமம் பன்னிரண்டு

'பன்னிரண்டு சமம் பன்னிரண்டு' என்று சிலேட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தபோது சண்முகரத்தினத்துக்குத் தன்மீதே ஒரு மரியாதை பிறந்தது. குச்சியைக் கீழே வைக்கிற வரைக்கும் அது நீடித்தது.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டார் சபாநாதன்.

"முடிஞ்சுது."

"அப்ப, பயணிகள் பெட்டி எத்தினை?"

சண்முகரத்தினம் சிலேட்டைப் பார்த்தான். அதில் பன்னிரண்டு இரண்டு தடவை இருந்தது. வேறு எண் ஒன்றும் உயிரோடு இல்லை.

"பன்னிரண்டு."

"சரக்குப் பெட்டி?"

"அதுவும் பன்னிரண்டு."

"ரயிலிலே மொத்தமே பன்னிரண்டு பெட்டிதானே தம்பி?"

திரைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். சின்னச் சிரிப்பு, உடனே வாயைப் பொத்திக்கொண்ட சிரிப்பு. சண்முகரத்தினத்தின் காது இரண்டும் சுட்டன. சிரித்தது நேசம்மாதான். சற்று முன்னால் தேநீர் கொண்டுவந்து வைத்து, அவனை ஒரே ஒரு தடவை நேராகப் பார்த்துவிட்டுப் போனவள். அந்த ஒரு பார்வையிலேயே அவன், கட்டினால் இவளைத்தான் என்று தீர்மானித்துப் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கத் தொடங்கியிருந்தான். இரண்டாவது பிள்ளைக்கு வைக்குமுன் சிலேட்டு வந்துவிட்டது.

மற்ற வீடுகளில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். கிள்ளானில், ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா கனகலிங்கத்தார் வீட்டில் மாப்பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்வார்கள். கணக்குக் கொடுப்பது மூத்த மருமகன் சபாநாதன். சர்வே ஆபீசில் உத்தியோகம். மலையையும் காட்டையும் அளந்து பழகியவர். வீட்டுக்கு வந்தாலும் நிறுத்தத் தெரியாது.

தரகர் இதை முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார். "உமக்கு முன்னம் ரெண்டு பேர் வந்தவை. ரெண்டு பேரும் கணக்கைப் பிழையில்லாமல் போட்டவை. ஆனா, சம்பந்தம் சரிவரேல்லை."

சரியாகப் போட்டவர்களுக்கே இந்தக் கதி. அப்படியானால் அந்த வீட்டின் தரம் எவ்வளவு உயரத்தில் இருக்கும்!

ரயில்வே குமாஸ்தா என்று அறிந்து, சபாநாதன் மரியாதையாக ரயில் கணக்கே கொடுத்திருந்தார். ஒரு ரயிலில் பன்னிரண்டு பெட்டி. பயணிகள் பெட்டிக்கு எட்டுச் சக்கரம், சரக்குப் பெட்டிக்கு நாலு. மொத்தம் அறுபத்து நாலு சக்கரம். எது எத்தனை?

சண்முகரத்தினம் பயணிகள் பெட்டியை எக்ஸ் என்றும் சரக்குப் பெட்டியை வை என்றும் வைத்தான். இதுவரைக்கும் யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தால் பன்னிரண்டு. ஆகவே எக்ஸ் என்பது பன்னிரண்டில் வை போக மீதி. அதுவும் நல்லதுதான். அந்த மீதியை எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ போட வேண்டும் என்பது அவனுக்கு ஞாபகம் இருந்தது. எங்கே என்பது ஞாபகம் இல்லை. பள்ளிக்கூடத்தில் 'சப்ஸ்டிட்யூஷன்' நடந்த வாரம் அவனுக்குச் சின்னம்மை. ஆகவே எடுத்த இடத்திலேயே திருப்பிப் போட்டான். ஒரு வை வந்தது, இன்னொரு வை போனது, இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்தன. பன்னிரண்டு சமம் பன்னிரண்டு. அறுபத்து நாலு சக்கரமும் அப்படியே தொடப்படாமல் கிடந்தன.

கனகலிங்கத்தார் மனைவியைப் பார்த்தார். மனைவி கனகலிங்கத்தாரைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தட்டு வடையோடு திரும்பி வந்தாள்.

"சாப்பிடுங்கோ தம்பி. கூச்சப்படாதைங்கோ."

சாவு வீட்டிலும் இப்படித்தான் வற்புறுத்துவார்கள் என்று சண்முகரத்தினம் நினைத்துக்கொண்டான்.

"வாற ஞாயிறும் ஒருக்கா வந்திட்டுப் போங்கோ," என்றார் கனகலிங்கத்தார். "உங்கட பக்கத்தாலை ஆரையும் ஒராளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

மறுபரீட்சை. அதுவும் சாட்சி வைத்து.

அவன் தெருவுக்கு வந்து பாதி தூரம் போனபின், சமையல்கார மாரியாயி பின்னாலேயே ஓடிவந்தாள். "ஐயா, கொடைய மறந்துட்டீங்களே!" குடையைக் கொடுத்தவள், முகம் முழுக்கச் சிரித்தாள். சமையற்கட்டு வரைக்கும் செய்தி போய்விட்டது என்று அவனுக்கு விளங்கிற்று.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சில் அவனோடு ஓர் அறையில் இருந்தவன் நாகையா. டிக்கெட் ஆபீசில் வேலை. பிறந்து வளர்ந்தது செந்தூலில். எங்கே பந்தி போட்டாலும் அவனுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார்.

"என்னா சொன்னாங்க?"

"வாற ஞாயிறு வரட்டாம்."

"அப்ப நல்ல சேதி லா!"

"என்ன நல்ல சேதி? நான் கணக்கைப் பிழையாப் போட்டிட்டன். பெட்டை சிரிச்சிட்டுது. தாய்க்காரி அழுதிட்டா. ஒராளைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"எதுக்கு ஆளு?"

"விழுந்தா, தூக்கிக்கொண்டு போக."

அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை. அவனுடைய பங்கையும் நாகையா பார்த்துக்கொண்டான்.

மறுநாள் காலை சண்முகரத்தினத்துக்கு ஒரு யோசனை பிறந்தது. எக்ஸ், வை எல்லாம் எதற்கு? இவன் ரயில்வேக்காரன், ரயில் வாசலில் நிற்கிறது. பன்னிரண்டு பெட்டி உள்ள வண்டி ஒன்றைப் பிடித்துச் சக்கரத்தை எண்ணிப் பார்த்தால் விடை தானாக வந்துவிடும். ஆபீஸ் திறப்பதற்குமுன் பிரிக்ஃபீல்ட்ஸ் யார்டுக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டி, பெட்டிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து எண்ணத் தொடங்கினான். எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடைசியில், கார்டு ஏறுகிற வண்டிக்கு ஆறு சக்கரம் இருந்தது.

எட்டு உண்டு, நாலு உண்டு. ஆறு எங்கிருந்து வந்தது? சபாநாதன் கணக்கில் ஆறு இல்லையே! அவன் மறுபடி குனிந்து அந்த ஆறைச் சந்தேகத்தோடு தடவிப் பார்த்தான்.

"ஹோய்! அப்பா புவாட்?" என்று ஒரு குரல் இடித்தது. யார்டைக் காவல் காக்கிற சீக்கியக் கிழவர் கையில் தடியோடு நின்றார்.

என்ன செய்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? தெரிந்த மலாய் மொழியை எல்லாம் திரட்டி, "கிரா ரோடா," என்றான். சக்கரம் எண்ணுகிறேன்.

காவலாளி ஆயுசில் எத்தனையோ திருடர்களைப் பார்த்தவர். ஒருவனும் இப்படி ஒரு காரணம் சொன்னதில்லை. காதைப் பிடிக்காத குறையாக மேலதிகாரியிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"யார் உத்தரவில் சக்கரம் எண்ணினாய்?" என்று கேட்டார் துரை.

கல்யாணத்துக்காக என்று சொன்னால் வேலை போகும். சண்முகரத்தினம் தொண்டையைச் சரி செய்துகொண்டு, "டிபார்ட்மெண்டின் நன்மையை முன்னிட்டு, சார்," என்றான்.

துரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். டிபார்ட்மெண்டின் நன்மையை முன்னிட்டு இதுவரை யாரும் குனிந்ததாக அவருக்கு நினைவில்லை. அவர் மிகவும் மகிழ்ந்துபோனார். இந்த வாரம் முழுக்க, காலையில் யார்டில் நிற்கிற எல்லாப் பெட்டிகளின் சக்கரத்தையும் எண்ணித் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

ஆகவே சண்முகரத்தினம் தினம் விடியலில் சக்கரம் எண்ணினான். கண்ணை மூடினாலும் சக்கரம் ஓடிற்று. கணக்கு மட்டும் ஓடவில்லை.

வார நடுவில் நாகையாவுக்கே பொறுக்கவில்லை. "கொண்டா அந்த சிலேட்ட," என்றான். பார்த்தான். வாய்விட்டுச் சிரித்தான்.

"சிரிக்காதை. வயித்தெரிச்சலாயிருக்கு."

"ஏன்டா, முதல் வரியில இருந்து எடுத்தத முதல் வரியிலேயே போட்டா எப்படிடா வரும்? உன் நன்னடத்தைக்கு நீயே சர்ட்டிபிகேட் எழுதிக்கிட்ட மாதிரி. அதுல பொய் இல்ல. பிரயோசனமும் இல்ல."

"அப்ப எங்கை போடுறது?"

"மத்ததுல! சக்கரம் இருக்கே, அந்த வரியில. எக்ஸ் இருந்த எடத்துல எக்ஸ எடுத்துட்டு, அந்த 'பன்னிரண்டில் வை போக'ன்றத ஒக்கார வை. எட்டுப் பன்னிரண்டு தொண்ணூத்தாறு. அதுல எட்டு வை போச்சு, நாலு வை வந்துச்சு. அப்ப நாலு வை கொறையுது. தொண்ணூத்தாறுல நாலு வை போனா அறுபத்து நாலு. நாலு வை முப்பத்திரண்டு. வை எட்டு!"

"அப்ப எக்ஸ் நாலு."

"அவ்வளவுதான் லா!"

சண்முகரத்தினம் சிலேட்டைக் கண்கொட்டாமல் பார்த்தான். நாலு பயணிகள் பெட்டி, எட்டுச் சரக்குப் பெட்டி. முப்பத்திரண்டும் முப்பத்திரண்டும் அறுபத்து நாலு. எத்தனை விடியல்கள் வீணாகிவிட்டன!

அன்றிலிருந்து 'மற்றதில் போடு, மற்றதில் போடு' என்று குளிக்கும்போதும் ஜபித்தான். சோற்றில் விட வேண்டிய ரசத்தை ஒரு தடவை நாகையாவின் தட்டில் விட்டான். நாகையா ஆட்சேபிக்கவில்லை.

ஆனாலும் பயம் போகவில்லை. "அங்கை போய் மறந்திட்டா?"

"நான் வரேன்ல? நீ முழிச்சா நான் இருமுறேன். விடை எத்தனையோ அத்தனை இருமல்."

ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் ரயிலில் இருவரும் ஏறினார்கள். சண்முகரத்தினம் வழிநெடுக ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே இல்லை. அங்கே சக்கரங்கள் இருந்தன.

கனகலிங்கத்தார் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. சண்முகரத்தினத்தின் கால் நின்றுவிட்டது. உள்ளே பெரிய வெள்ளித் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் பூசிய தேங்காய். பக்கத்தில் ஒரு பட்டுச்சேலை. திரையோரம் நேசம்மா தலைநிறையப் பூ வைத்து நின்றாள்.

"முடிஞ்சுது," என்று முணுமுணுத்தான்.

"என்னா?"

"நிச்சயதார்த்தம். வேற ஒருத்தனுக்கு. எங்களை ஏன் கூப்பிட்டவை? நேரிலை சொல்லி அனுப்ப."

"இருடா, அவசரப்படாத..."

கனகலிங்கத்தார் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். "வாங்கோ, வாங்கோ தம்பி! இவர் உங்கட பக்கமோ? நல்லது, நல்லது. இருங்கோ."

பெரிய தட்டில் வடையும், சின்னத் தட்டில் வடையுமாகக் கொண்டுவந்து வைத்தாள் அம்மாள். சபாநாதன் மூலை நாற்காலியில் இருந்து ஒவ்வொரு வடையாகக் கண்ணால் தொட்டு எண்ணினார்.

வேறு மாப்பிள்ளை எந்த நேரமும் வந்து இறங்கலாம். இருக்கிற நேரத்தில் ஏதாவது செய்தாக வேண்டும். சண்முகரத்தினம் எழுந்து நின்றான்.

"ஐயா, கணக்கைத் தாங்கோ."

கனகலிங்கத்தாரின் முகம் ஒரு கணம் குழம்பிற்று. "கணக்கோ? சீச்சீ, அதெல்லாம் இனி வேண்டாம் தம்பி."

இனி வேண்டாம்! அவன் கையைக் கூப்பினான். "ஒருக்கா. ஒரே ஒருக்கா. போன முறை பதற்றத்திலை பிழைச்சுப்போச்சு. இந்தமுறை கட்டாயம் சரியாப் போடுவன்."

"வேண்டாம் எண்டு சொல்லுறம் எல்லே," என்றாள் அம்மாள். குரலில் ஏதோ அவசரம் இருந்தது. "முதலிலை வடையைச் சாப்பிடுங்கோ."

திரையோரத்தில் நேசம்மா தலையை இலேசாக, மிக இலேசாக, இடமும் வலமும் ஆட்டினாள். தன்னை ஏளனம் செய்கிறாள் என்று சண்முகரத்தினத்தின் நெஞ்சு வெடித்தது.

"பிள்ளை ஆசைப்படுது மாமா, மறிக்காதைங்கோ!" சபாநாதன் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். அவருக்கு வேறென்ன வேண்டும்? "புதுக்கணக்கு. இந்தா, இந்த ரெண்டு தட்டையும் பாரும். ரெண்டிலையும் சேர்த்துப் பதினாலு வடை. சின்னத் தட்டிலை இருக்கிறதை இரட்டிச்சு, அதோடை ரெண்டு கூட்டினா பெரிய தட்டு. எண்ணக் கூடாது. கணக்காலை சொல்லவேணும்."

புதுக்கணக்கு! இவன் பழகியதெல்லாம் சக்கரம். இங்கே ஒரு வடைக்கும் சக்கரம் இல்லை. நெற்றியில் வேர்வை கொட்டிற்று. நாகையாவைத் திரும்பிப் பார்த்தான். நாகையா அப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

பெரிய தட்டு எக்ஸ். சின்னத் தட்டு வை. எக்ஸ் என்பது இரண்டு வையும் இரண்டும். இதை எங்கே போட வேண்டும்? மற்றதில். மற்றதில் போடு! குச்சியை அழுத்தி அழுத்தி எழுதினான். இரண்டு வையும் இரண்டும் ஒரு வையும் சேர்ந்து பதினாலு. மூன்று வையும் இரண்டும் பதினாலு. மூன்று வை சமம்...

பன்னிரண்டு.

மறுபடி அதே பன்னிரண்டு! சண்முகரத்தினத்துக்குக் கண் இருண்டது. குச்சி நின்றுவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் நாகையா இருமினான். ஒன்று. இரண்டு. மூன்று. சண்முகரத்தினம் மனத்துக்குள் எண்ணினான். ஆறு. ஏழு. இருமல் நிற்கவில்லை. பதினொன்று. நாகையாவின் கண் இரண்டும் பிதுங்கி நீர் வழிந்தது. வடையிலிருந்த செத்தல் மிளகாய் அவன் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது.

"தண்ணி, தண்ணி குடுங்கோ!" என்றாள் அம்மாள்.

"இவருக்கு நெஞ்சிலை ஏதும் வருத்தமோ?" என்று கேட்டுக்கொண்டே கனகலிங்கத்தார் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார். "காசம் கீசம்..."

"இல்லை ஐயா! இவர் வந்து... அது வந்து..." விடை என்று சொல்ல முடியுமா? இருமல் பதினேழில் நின்றது. பதினாலு வடையில் பதினேழு எப்படி வரும்? நாகையாவை இனி நம்பிப் பிரயோசனம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டை மூன்றால் வகுத்தான்.

"வை நாலு! எக்ஸ் பத்து! பெரிய தட்டிலை பத்து, சின்னத் தட்டிலை நாலு!"

சபாநாதன் பெரிய தட்டை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஒன்பதுதான் கிடக்குது தம்பி."

வேறொருவனாக இருந்தால் அங்கேயே விழுந்திருப்பான். சண்முகரத்தினம் ஒரு வாரம் சக்கரம் எண்ணியவன். உள்ளே ஏதோ ஒன்று திறந்துகொண்டது.

"இருங்கோ. என்ரை விடை பிழையில்லை, வடைதான் குறையுது. மொத்தம் பதினாலு. இப்ப இருக்கிறது ஒன்பதும் நாலும் பதின்மூண்டு. காணாமல்போன வடை இசட் எண்டு வைப்பம். பதின்மூண்டும் இசட்டும் பதினாலு. ஆகவே இசட் ஒண்டு." குச்சியை நீட்டினான். "அது நாகையா."

"அடப்பாவி!" என்றான் நாகையா, வாயைத் துடைத்துக்கொண்டு. "காட்டிக் குடுக்கறதுக்கா என்னைக் கூட்டியாந்த?"

சபாநாதன் எழுந்து சண்முகரத்தினத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் குரல் தழுதழுத்தது. "மாமா! இவ்வளவு நாளும் இந்த வீட்டிலை தனிச்சுப்போயிருந்தன். எனக்கு ஒரு துணை கிடைச்சிட்டுது! இனி நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து எல்லாத்தையும் எண்ணலாம்!"

கனகலிங்கத்தார் மனைவியைப் பார்த்தார். மனைவி கனகலிங்கத்தாரைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாள் எழுந்து, வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பட்டுச்சேலையும் போயிற்று. திரை ஒரு தடவை ஆடி நின்றது; திரையோரத்தில் யாரும் இல்லை.

"நல்லது தம்பி," என்றார் கனகலிங்கத்தார், கூரையைப் பார்த்து. "கடிதம் போடுறம்."

தெருவுக்கு வந்ததும் சண்முகரத்தினம், "சரியாத்தானே போட்டன்?" என்றான்.

"சரியாத்தான் போட்ட," என்றான் நாகையா. "என்கூடப் பேசாத."

"பிறகேன் அவையின்ரை முகம்..."

"ஐயா! கொட!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. மாரியாயி மூச்சிரைக்க ஓடி வந்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. குடையைக் கொடுத்துவிட்டுப் போகாமல், அவனையே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூத்த மருமவன் வந்த நாள்லேருந்து இந்த வூட்டுல ஒரு தோசைய எண்ணாமச் சுட முடியல, சின்னவளுக்காவது கணக்கு வராத மாப்பிள்ளையாப் பாக்கணும்னுதானேய்யா அம்மா வர்றவங்களுக்கெல்லாம் கணக்குக் குடுக்கச் சொன்னாங்க," என்றாள் மாரியாயி. "போன வாரம் நீங்க ஒருத்தர்தான் தேறினீங்க, அந்த வெத்தலத் தட்டு உங்களுக்குத்தான் வச்சிருந்தாங்க, நீங்க ஏங்கய்யா போயிச் சரியாப் போட்டீங்க?"